டப், டம், டமார்

ஊரிலுள்ள வண்டிக் கதவுகளையெல்லாம் ஒற்றை விரலால் சாத்தும்படி செய்து கொடுக்கிற மனிதர், தன் சொந்த வண்டியின் கதவில் முதன்முறையாகக் கை வைத்தார். மறுநாள் காலையே அதன் கண்ணாடி போய்ச் சேர்ந்தது.

உடைத்தது என்னவோ மனைவியின் கைதான். ஆனால் குற்றத்தில் அவளுக்கு அரைக்கால் பங்குகூடக் கிடையாது. பல வருஷப் பழக்கத்தில் அவள் வண்டியில் ஏறி உட்கார்ந்தாள், கைப்பையை மடியில் வைத்தாள், பல்லைக் கடித்தாள், இரண்டு கையாலும் கதவின் பிடியைப் பற்றிக்கொண்டு, இரும்பு பீரோவை நகர்த்துகிறவள் போல உடம்பு முழுவதையும் போட்டு ஒரே இழுப்பாக இழுத்தாள். பெரும்பாலும் அப்படி இழுத்தால்தான் அந்தக் கதவு சாத்தும். முந்தின நாள் சாயங்காலம்வரை அப்படித்தான் சாத்தியது. இப்போது அது வெண்ணெய்போல நழுவும் கதவாகிவிட்டது என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. அவளை ஆச்சரியப்படுத்த வேண்டும் என்று கதவுக்காரர் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டார். கண்ணாடியைத் தாங்கிப் பிடிக்கிற திருகாணிகளை முடுக்க மறந்ததையும் அவர் சொல்லவில்லை. அது அவருக்கே தெரியாது.

கதவு பறந்து வந்து சாத்திக்கொண்டது. கண்ணாடி மட்டும் ஒரு கணம் யோசித்தது. பிறகு சர்ரென்று கதவின் வயிற்றுக்குள் இறங்கி, கோலிக்குண்டு மூட்டையைப் படிக்கட்டில் உருட்டிவிட்ட சத்தத்தோடு உள்ளேயே நொறுங்கியது.

வீட்டோடு சேர்ந்த பட்டறைக்கு எதிர்க்கடைப் பஞ்சர்காரர் டயரிலிருந்து தலையைத் தூக்கினார். "என்னண்ணே, கதவு எதையோ முழுங்கிடுச்சா?"

கதவுக்காரர் அவரை முறைத்துவிட்டு மனைவியைப் பார்த்தார். மனைவி கதவைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"எப்ப செஞ்சீங்க?"

"நேத்துதாம்மா. உனக்கு ஆச்சரியமா இருக்கட்டுமேன்னு..."

"இருக்கு," என்று சொல்லிவிட்டு அவள் இறங்கி பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள். போகும்போது கதவை ஒரு தள்ளு தள்ளிவிட்டுத்தான் போனாள். அது 'டப்' என்று பூப்போல சாத்திக்கொண்டது. உள்ளே சில்லுகள் கிலுகிலுத்தன.

அந்த 'டப்'பைக் கேட்டதும்தான் கதவுக்காரர் திடுக்கிட்டார். அவருக்குக் கண்ணாடி போனதில் கவலையில்லை, வேறு ஒன்று பழைய கடையில் கிடைக்கும். அவளுக்குக் கோபமா இல்லையா என்று தெரியவில்லையே, அதுதான்.

இதைப் புரிந்துகொள்ள அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர் எஞ்சினைத் தொட மாட்டார். பிரேக், கியர், பேட்டரி எதுவும் அவருக்கு ஆகாது. கதவு மட்டும்தான். சாத்த மறுக்கும் கதவு, சாத்தியும் சாத்தாத கதவு, சாத்தினால் திறக்காத கதவு என்று எல்லாமே அவரிடம் வரும். வந்த கதவை முதலில் பாதி திறந்து, கீழ் விளிம்பில் கை கொடுத்து மேலே தூக்கிப் பார்ப்பார். ஆடினால் கீல் தேய்ந்திருக்கிறது. ஆடாவிட்டால், கதவு வந்து சேருகிற வண்டித் தூணில் இருக்கிற கொக்கியில் கொஞ்சம் மசகைத் தடவி மெதுவாகச் சாத்துவார். கதவிலிருக்கிற பூட்டு எங்கே போய் முட்டுகிறது என்று மசகே காட்டிக் கொடுத்துவிடும். கொக்கியைத் தளர்த்தி, நூலளவு தள்ளி, முடுக்கி, ஒரு துண்டுக் காகிதத்தை ரப்பர் பட்டையில் வைத்துச் சாத்தி இழுத்துப் பார்ப்பார். காகிதம் கிழியவும் கூடாது, சும்மா வந்துவிடவும் கூடாது. மனசில்லாமல் வர வேண்டும். அதுதான் கணக்கு.

இப்படிப்பட்ட மனிதரின் சொந்த வண்டிக் கதவு மட்டும் ஏன் அப்படி இருந்தது என்று கேட்டால், 'நாளைக்குப் பார்த்துக்கலாம்' என்பதுதான் பதில். அந்த நாளை வருஷக்கணக்கில் வரவில்லை.

அது வராமல் இருந்ததில் ஒரு சௌகரியமும் இருந்தது. அவர் மனைவி டிரைவிங் பள்ளியில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். தெருவே அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடும். பள்ளி வண்டியில் உட்கார்ந்தால் மூச்சுக்கு மூச்சு பேசுவாள். கண்ணாடியைப் பாருங்க, கிளட்சை விடாதீங்க, லாரிக்காரன் உங்களுக்கு மாமன் மச்சானா, ஒதுங்குங்க. பேசிப் பேசித் தொண்டை காய்ந்து வீட்டுக்கு வந்தால் மீதிப் பேச்சு மிக மிகச் சொற்பம். 'என்னம்மா ஒரு மாதிரி இருக்க?' என்று கேட்டால் 'ஒண்ணுமில்ல'. 'கோபமா?' என்றால் 'இல்ல'. 'அப்ப சந்தோஷமா?' என்றால் ஒரு பார்வை.

ஆகவே, கதவுக்காரர் ஒரு வழி கண்டுபிடித்தார். அவளைக் காலையில் பள்ளியில் விடுவதும் மாலையில் கூட்டி வருவதும் அவர் வேலை. ஏறும்போதும் இறங்கும்போதும் கதவைச் சாத்துவாள் அல்லவா? அந்தச் சத்தத்தைக் கவனித்தார். 'டப்' என்றால் நல்ல நாள். வீட்டுக்குப் போய் காலை நீட்டிக்கொள்ளலாம். 'டம்' என்றால் எங்கேயோ இடிக்கிறது. வாயை மூடிக்கொண்டு, வாங்கி வரச் சொன்னதை மறக்காமல் வாங்கிக் கொடுத்துவிட வேண்டும். 'டமார்' என்றால் பேச்சே கிடையாது. சட்டையைக் கழற்றும் முன்பே நேராகச் சமையலறைக்குப் போய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்துவிட வேண்டும்.

இந்த முறையில் பல வருஷம் குடும்பம் நடந்தது. மழைக்காலத்தில் அவளுக்குக் கோபம் அதிகம் வரும் என்பதுகூட இப்படித்தான் தெரிந்தது. "ஈரம் பட்டா சிலருக்கு மூட்டு வலிக்கும், எங்க வீட்ல டீச்சருக்கு மனசு வலிக்கும்போல," என்று பஞ்சர்காரரிடம் பெருமையாகவே சொல்லியிருக்கிறார். ஒரு பெண்ணின் மனதை இவ்வளவு துல்லியமாகப் படிக்கிற ஆண்பிள்ளை இந்தத் தெருவில் யார் இருக்கிறார் என்பது அவர் எண்ணம்.

இந்தக் கணக்கு கெட்டுப்போனது, மனைவியின் அக்கா வந்து போனதில்தான். அக்கா ஒரு நாள் தங்கினாள். கதவுக்காரரே அவளை ரயிலடிக்குக் கொண்டு விட்டார். இறங்கும்போது அக்கா கதவை மூன்று முறை சாத்திப் பார்த்துவிட்டு, நாலாவது முறை இடுப்பால் இடித்தாள். பிறகு குனிந்து ஜன்னல் வழியாகச் சொன்னாள்: "ஊர்க் கதவையெல்லாம் சரி பண்றவராம்! எங்க தங்கச்சி கை தேஞ்சு போனது யாருக்குத் தெரியுது?"

ரோஷம் வந்துவிட்டது. அன்றே ரப்பர் பட்டையை மாற்றினார், கொக்கியை நகர்த்தினார், கீலுக்குப் புது ஆணி போட்டார். அதன் விளைவைத்தான் மேலே பார்த்தோம்.

பழைய கடையில் வேறு கண்ணாடி வாங்கி, திருகாணிகளை மூன்று முறை முடுக்கி, கதவைக் குணமாக்கிவிட்டார். மறுநாள் மனைவி ஏறினாள். சுண்டு விரலால் இழுத்தாள். 'டப்.' இறங்கினாள். 'டப்.' மாலையில் மழை. அவள் நனைந்து ஓடிவந்து ஏறினாள். அவர் மனதுக்குள் பாத்திரம் கழுவத் தயாராகிக்கொண்டிருந்தார். 'டப்.'

அன்று ராச்சாப்பாடு ஆனதும் அக்காவிடமிருந்து போன். மனைவி அடுத்த அறைக்குப் போய்ப் பேசினாள். கதவுக்காரர் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, செய்தியை உதட்டசைவில் படிப்பவர்போல முகத்தை வைத்துக்கொண்டார். காதில் விழுந்தது இவ்வளவுதான்: "சரிக்கா... தெரியும்க்கா... சொல்றேன்க்கா."

"என்னவாம்?"

"சும்மாதான்."

சும்மா இல்லை என்பது அடுத்த நாள் அக்கா அவருக்கே போன் செய்தபோது தெரிந்தது.

"நான் வந்த விஷயத்தை அவ உங்ககிட்ட சொன்னாளா?"

"சொன்னா சொன்னா," என்றார் கதவுக்காரர், தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்டு.

"நானும் உங்க சகலையும் சொந்தமா டிரைவிங் ஸ்கூல் தொடங்குறோம். ரெண்டு வண்டி வாங்கியாச்சு. எனக்கு கணக்கு வழக்கு தெரியும், அவருக்கு பேசத் தெரியும், ரெண்டு பேருக்கும் வண்டி ஓட்டத் தெரியாது. தங்கச்சி வந்தா அவதான் எல்லாம். வான்னா 'பாக்கலாம்'ங்கறா. பாக்கலாம்னா வருவாளா, வர மாட்டாளா? நீங்களாவது சொல்லுங்க."

அக்கா இருந்த ஊர் ரயிலில் ஒரு பகல் முழுவதும் போக வேண்டிய தூரம். கதவுக்காரர் போனை வைத்துவிட்டு, கையிலிருந்த திருப்புளியால் ஒரு கொக்கியை முடுக்கினார். அது யாருடைய வண்டிக் கொக்கி, அதற்கு முடுக்கல் தேவையா என்று அவருக்குத் தெரியாது.

சாயங்காலம் மெதுவாக ஆரம்பித்தார். "உங்கக்கா பேசினாங்க."

"ம்."

"நல்ல விஷயம்தான்போல."

"ம்."

"உனக்கு என்ன தோணுது?"

"எனக்கென்ன, உங்க இஷ்டம்."

"என் இஷ்டம் என்ன இருக்கு இதுல? உன் இஷ்டம்தான் என் இஷ்டம்."

"நீங்க சொன்னா சரி."

"நீ சொன்னா எனக்கும் சரி."

பஸ்ஸில் ஜன்னலோர சீட்டை 'நீங்க உக்காருங்க', 'இல்ல நீங்க உக்காருங்க' என்று இரண்டு பேர் மாறி மாறி விட்டுக்கொடுத்து, கடைசியில் இரண்டு பேருமே நின்றுகொண்டு போவதுபோல, அன்றைக்கு அந்த வீட்டில் இஷ்டம் உட்கார ஆளில்லாமல் காலியாகக் கிடந்தது. அவள் போக விரும்புகிறாளா? போகாமல் இருக்க விரும்பி, அவர் தடுக்கவில்லையே என்று வருந்துகிறாளா? போக விரும்பி, அவர் தடுத்துவிடுவாரோ என்று பயப்படுகிறாளா? பழைய கதவாக இருந்தால் ஒரு சாத்தில் தெரிந்துபோயிருக்கும். புதுக் கதவு எதற்கும் 'டப்' என்றது. வாய் திறக்காத சாட்சியைக் கூட்டிவந்து வீட்டில் வைத்துக்கொண்டதுபோல ஆகிவிட்டது.

கல்யாணமாகிப் போன மகளுக்குப் போன் போட்டார். "அம்மா உன்கிட்ட ஏதாவது சொன்னாங்களா?"

"சொன்னாங்க."

"என்ன?"

"அம்மாவையே கேளுங்கப்பா."

"கேட்டேன். என் இஷ்டம்னு சொல்லிட்டா."

"அப்ப சரியாத்தானே இருக்கு," என்று மகள் போனை வைத்துவிட்டாள். இந்தக் குடும்பத்தில் நேராகப் பதில் சொல்வதற்கு யாரோ வரி போட்டிருக்கிறார்கள்.

அடுத்த நாள் ஒரு வங்கி மேனேஜர் புதுக் காரோடு வந்தார். வாசனைகூடப் போகாத வண்டி. "பின் கதவு சாத்தவே மாட்டேங்குதுப்பா. என் சம்சாரம் உக்காந்தா அடிச்சு சாத்த வேண்டியிருக்கு. புது வண்டியில இது என்ன கூத்து?"

கதவுக்காரர் கதவைத் தூக்கிப் பார்த்தார். ஆடவில்லை. மசகு சரியான இடத்தில்தான் பட்டது. பிறகு ஜன்னல்களைக் கவனித்தார். எல்லாம் இறுக்கமாக ஏறியிருந்தன. ஒரு கண்ணாடியை நாலு விரல் இறக்கிவிட்டு ஒரு விரலால் தள்ளினார். சாத்திக்கொண்டது.

"கதவு சரியாத்தான் இருக்கு சார். எல்லாக் கண்ணாடியையும் ஏத்திட்டு சாத்தினா, உள்ள இருக்கற காத்து போக வழியில்லாம கதவைத் திருப்பித் தள்ளுது. கொஞ்சம் இறக்கிவிட்டு சாத்துங்க, போதும்."

மேனேஜர் சாத்திப் பார்த்தார். ஏற்றிவிட்டுச் சாத்தினார், 'டமார்'. இறக்கிவிட்டுச் சாத்தினார், 'டப்'.

"இப்ப எப்படி இருக்கு சார்?"

"பரவாயில்ல."

மற்ற நாளாக இருந்தால் கதவுக்காரர் அதோடு விட்டிருப்பார். அன்று அவருக்குள் ஏதோ அறுந்துபோயிருந்தது. "பரவாயில்லன்னா எந்தப் பரவாயில்ல சார்?"

"என்னது?"

"நல்லாருக்குன்னு சொல்ற பரவாயில்லையா, சுமாரா இருக்குங்கற பரவாயில்லையா, இல்ல தொலையட்டும்னு விடற பரவாயில்லையா?"

மேனேஜர் ஒரு அடி பின்னால் போனார். "பரவாயில்லன்னா பரவாயில்லதான்யா! என்னய்யா ஆளைப் பிடிச்சு விசாரணை பண்ற?" என்று ஏறி, எல்லாக் கண்ணாடிகளையும் ஏற்றிக்கொண்டு, கதவை 'டமார்' என்று அடித்துவிட்டுப் போனார்.

"அது கோபம், சந்தேகமே இல்ல," என்றார் பஞ்சர்காரர், எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு.

கதவுக்காரருக்குப் பொறாமையாக இருந்தது. முன்பின் தெரியாத ஒரு மேனேஜரின் கோபம்கூட இவ்வளவு பளிச்சென்று தெரிகிறது. உள்ளதைப் பஞ்சர்காரரிடம் கொட்டினார். அக்கா, பள்ளிக்கூடம், இஷ்டம், டப்.

பஞ்சர்காரர் டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கியபடி கேட்டார். "இதுக்கு ஏன்ணே மண்டையைப் போட்டு உடைச்சுக்கறீங்க? பேசாம கதவைப் பழையபடி ஆக்கிடுங்க. ஒரு தடவ சாத்தட்டும், தெரிஞ்சிரும். அப்புறம் மறுபடி சரி பண்ணிக்கலாம்."

கதவுக்காரர் வாழ்க்கையில் இவ்வளவு நேரான யோசனையைக் கேட்டதில்லை. உடனே வண்டியை உள்ளே இழுத்தார்.

ஆனால் கெடுக்கக் கை வரவில்லை. கொக்கியைத் தளர்த்தி உள்பக்கம் தள்ளினார். முடுக்கும்போது கை தானாகவே நூலளவு இழுத்துச் சரியான இடத்தில் நிறுத்திவிட்டது. சாத்திப் பார்த்தார், முன்னைவிடப் பிரமாதம். ரப்பர் பட்டையைக் கோணலாக ஒட்டப் பார்த்தார். விரல்கள் அதை நீவி நீவி நேராக்கிவிட்டன. கண்ணை மூடிக்கொண்டு திருப்பினார். காது சொன்ன இடத்தில் கை நின்றது. அரைநாள் பாடுபட்டதில் கதவு மூச்சுவிட்டால் சாத்துகிற அளவுக்கு வந்துவிட்டது. வேர்த்துக் கொட்ட, வெளியே வந்து நின்றார்.

"என்னால முடியலப்பா."

"தள்ளுங்க," என்று பஞ்சர்காரர் எழுந்தார். டயர் கழற்றுகிற பெரிய சுத்தியலை எடுத்துக்கொண்டு போனார். கதவுக்காரர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். உள்ளிருந்து ஒரே ஒரு அடி கேட்டது. பல் பிடுங்குகிற இடத்தில் வெளியே காத்திருக்கும் சொந்தக்காரர்போல அவர் உதட்டைக் கடித்தார்.

"ஆச்சுண்ணே! இனிமே யானை வந்தாலும் சாத்தாது."

பஞ்சர்காரர் எதையும் அளவாகச் செய்து பழகியவரல்ல. பழைய கதவு வெறும் பிடிவாதக்காரன்தான். இது கதவே இல்லை என்று சொல்லும்படி ஆகிவிட்டது. சரி செய்ய நேரமில்லை, பள்ளி விடும் நேரம். கயிற்றால் கட்டிக்கொண்டு கிளம்பினார். பள்ளி வாசலுக்குக் கொஞ்சம் முன்னால் நிறுத்தி, கயிற்றை அவிழ்த்து சீட்டுக்கு அடியில் மறைத்தார்.

மனைவி வந்தாள். முகத்தில் அன்றைக்கு ஓட்டிப் பழகியவர்களின் களைப்பெல்லாம் இருந்தது. ஏறினாள். விரலால் இழுத்தாள். கதவு வந்து, கொக்கியில் முட்டி, திரும்பிப் போனது.

கதவுக்காரர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தார். காது மட்டும் பக்கவாட்டில் நீண்டிருந்தது. இதோ வரப்போகிறது.

மறுபடி இழுத்தாள். மறுபடி முட்டியது. பிறகு சத்தமே இல்லை.

கடைக்கண்ணால் பார்த்தார். அவள் கதவை இழுத்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சாத்தவில்லை. வெறுமனே பிடித்திருந்தாள்.

"போலாம்," என்றாள்.

"கதவு..."

"பிடிச்சிருக்கேன். போங்க."

இது அவருடைய சாத்திரத்தில் இல்லாத சத்தம். டப்பும் இல்லை, டம்மும் இல்லை. டமாருக்கு மேலே ஒரு படி இருக்கிறதா? சத்தமே இல்லாமல் போகிற அளவுக்கு ஒரு கோபம்? வண்டியை எடுத்தார். எப்போதும் அவர் ஓட்டும்போது அவள் வலது கால் தன் பக்கத்துத் தரையை மிதித்துக்கொண்டே வரும், பள்ளி வண்டியில் அவள் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கிற பழக்கத்தில். இன்றைக்குக் கால்கூட ஆடவில்லை. இரண்டு கையாலும் கதவைப் பிடித்தபடி, கீழே விழப்போகும் குழந்தையைப் பிடித்திருப்பவள்போல அசையாமல் வந்தாள். வளைவில் கதவு விரிந்தது, அவள் இழுத்தாள். பள்ளத்தில் விழுந்து எழுந்தது, அவள் இழுத்தாள். ஸ்கூட்டரில் போன ஒருவர், "கதவு திறந்திருக்கு!" என்று கத்தினார்.

"தெரியும்!" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

மரச்சாமான் கடை ஒன்றின் முன்னால் கதவுக்காரர் வண்டியை ஓரங்கட்டினார்.

"அடிச்சு சாத்த வேண்டியதுதானே?"

"எதுக்கு? போன தடவ அடிச்சதுல கண்ணாடி போச்சு. நீங்க பாவம், உக்காந்து உக்காந்து செஞ்சீங்க." அவள் கதவை விட்டுவிட்டு இறங்கினாள். குனிந்து தூணைப் பார்த்தாள். வண்டியைப் பற்றி அவளுக்கும் கொஞ்சம் தெரியும். "கொக்கியில சுத்தியல் அடி பளபளன்னு தெரியுது. யாருங்க இந்த வேலையைப் பார்த்தது? யாராவது வேணும்னு கெடுத்திருக்காங்க. போலீசுக்குச் சொல்லுங்க."

போலீஸ் என்றதும் கதவுக்காரர் முழி பிதுங்கியது. "நான்தான்."

"நீங்களா?"

"அடிச்சது பஞ்சர்காரரு. கெடுக்கச் சொன்னது நான்."

"எதுக்கு?"

சொன்னார். இனி மறைக்க எதுவும் இல்லை என்ற இடத்துக்கு வந்தால் மனிதர்கள் எப்படிச் சொல்வார்களோ அப்படிச் சொன்னார். டப் என்றால் என்ன, டம் என்றால் என்ன, டமார் என்றால் என்ன. கதவு சரியானதிலிருந்து அவளைப் பற்றி ஒன்றும் புரியவில்லை. ஒரே ஒரு முறை சாத்தினால் தெரிந்துவிடும் என்று பார்த்தார்.

அவள் சாலையோரம் நின்றபடியே கேட்டாள். வாய் மெதுவாகத் திறந்தது.

"நான் அடிச்சு சாத்தினதெல்லாம் கோபம்னா நெனச்சீங்க?"

"பின்ன?"

"கதவு சாத்தலைங்க! சாத்தலைன்னா அடிச்சுத்தானே சாத்தணும்?"

"மழைக்காலத்துல மட்டும் அவ்வளவு பலமா..."

"மழைன்னா கண்ணாடியெல்லாம் ஏத்தியிருப்போம். ஏத்தினா இன்னும் சாத்தாது. ஊருக்கே இதைச் சொல்லிக் குடுக்கறவர் நீங்க!"

அன்று காலை ஒரு வங்கி மேனேஜருக்குச் சொன்னதை இத்தனை வருஷமாகக் கதவுக்காரருக்கு யாரும் சொல்லவில்லை. அவரேகூடச் சொல்லவில்லை.

அவளுக்கு வேறு ஏதோ பிடிபட்டுவிட்டது. கண்கள் சுருங்கின. "இருங்க. மழை பெய்யிற அன்னிக்கெல்லாம் வந்ததும் வராததுமா பாத்திரம் கழுவுவீங்களே..."

அவர் தரையைப் பார்த்தார்.

"ஐயோ! நான் எங்கக்காகிட்ட பீத்திக்கிட்டேன். எங்க வீட்டுக்காரர் போல யாரு, சொல்லாமயே செய்வாருன்னு. கதவுக்குப் பயந்தா கழுவினீங்க?"

"முதல்ல பயந்துதான். அப்புறம் பழகிருச்சு."

சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. சாலையில் நின்று, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தாள். மரச்சாமான் கடைக்காரர் நாற்காலியைத் துடைப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். கதவுக்காரருக்கும் சிரிப்பு வரப் பார்த்தது. ஆனால் சிரிக்கிற நிலையில் அவர் இல்லை.

"அப்ப ஒரு தடவகூடக் கோபம் இல்லையா?"

"இருந்துது, சில தடவ. எதுன்னு இப்ப சொல்ல மாட்டேன். அன்னிக்கு நீங்க பாத்திரமும் கழுவல." அவள் ஏறி உட்கார்ந்து, கதவை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். சிரிப்பு அடங்கியிருந்தது. "இப்ப எதுக்கு இவ்வளவு பாடு? என்ன தெரியணும் உங்களுக்கு?"

"தெரியாதா உனக்கு?"

"தெரியும். நீங்க கேக்கணும்."

"உன் இஷ்டம் என்னன்னுதான்..."

"அதை ஏற்கனவே கேட்டாச்சு. கேட்டுட்டு என் தலையிலயே கட்டியாச்சு. நீங்க 'உன் இஷ்டம்'னு சொன்னதும் நான் என்ன நெனச்சேன் தெரியுமா? இவருக்கு நான் இருந்தாலும் ஒண்ணு, போனாலும் ஒண்ணு போலன்னு நெனச்சேன்."

"அடக் கடவுளே!" கதவுக்காரர் பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்தார். "நீ போயிட்டா எனக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. காலைல யாரைக் கொண்டு போய் எங்க விடறது? சாயங்காலம் யாரு பக்கத்துல உக்காந்து பிரேக்கை மிதிக்கறது? ஆனா அங்க போனா நீதான் பெரிய டீச்சர்னு உங்கக்கா சொல்லுது. இங்க பத்து வருஷமா அடுத்தவன் பள்ளிக்கூடத்துல கத்திக்கிட்டிருக்க. நான் போகாதன்னு சொல்லி நீ நின்னுட்டேன்னு வை, அப்புறம் ஒவ்வொரு நாளும் உன் முகத்தைப் பாக்கறப்ப..."

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டி கற்றுக்கொள்ள வந்தவர்கள் முதல் முறை கியர் மாற்றும்போது அவள் முகம் இப்படித்தான் இருக்கும் என்று அவருக்குத் தோன்றியது. உதவவும் இல்லை, அவசரப்படுத்தவும் இல்லை.

"சொன்னது நல்லாருக்கு," என்றாள். "ஆனா இன்னும் கேள்வி வரல."

கதவுக்காரர் தொண்டையைச் செருமினார். இத்தனை வருஷத்தில் எத்தனையோ கதவுகளிடம் கேட்டிருக்கிறார். ஒரு மனுஷியிடம் நேருக்கு நேர் கேட்பது இவ்வளவு கஷ்டமா?

"நீ... நீ போறியா?"

"போறேங்க," என்றாள் அவள். "எனக்குப் போகணும்னு ரொம்ப ஆசை. நீங்களும் கூட வரணும்னு அதைவிட ஆசை. வரலைன்னா வருத்தப்படுவேன். ஆனா போவேன்."